முன்னறியத்தக்க பயன்பாடு

அதன் முழுப் பெயரை வாய்விட்டுச் சொல்லி முடிப்பதற்குள்
ஒலோமோட்ஸ் டிராம் ஒரு நிறுத்தம் தாண்டிவிடும்.
ஆய்வகத்தில் சங்கிலி என்போம்.
வெள்ளைத் தூள், மணமில்லை,
ஆல்கஹாலில் கரையும். ஆல்கஹால் பறந்த பின்
கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல்
முடிமேல் மிஞ்சும்.
அவ்வளவுதான் அதன் வேலை,
போகாமல் இருப்பது.

அதைச் சந்தேகிக்க எனக்குச் சம்பளம்.
பதினொரு ஆண்டாகச் சந்தேகித்து
ஒவ்வொரு முறையும் பாதுகாப்பானது என்று
கையெழுத்திட்டிருக்கிறேன்.
பொய்யில்லை.
தோலின் வாசல் சிறிது, சங்கிலி பெரிது,
கல்யாண அண்டாவை
ஊசிக்காதில் நுழைத்துப் பார்ப்பது போல.
கோக்கப்படாமல் தப்பிய ஒற்றைக் கண்ணிகள்தான்
சில்லறைப் போக்கிரிகள்.
அவற்றையும் எண்ணியாயிற்று: பத்து லட்சத்தில் மூன்று.

அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில்
ஒரு குளியலறை இருக்கிறது.
பத்து கன மீட்டர். அதில் ஒரு பெண்.
ஆறு நொடி தெளிக்கிறாள்,
கதவைத் திறந்து போய்விடுகிறாள்.
அவளை நான்தான் படைத்தேன்.
முகம் கொடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

போன நவம்பரில்
ப்ரோஸ்தியேயோவில் நடனப் போட்டி.
அக்காள் மகள் ரொசாலியேவுக்கு எட்டு வயது,
முதல் மேடை.
உடை மாற்றும் அறைக்கு ஜன்னல் இருந்தது.
வெளியே மழை பனியாகிக்கொண்டிருந்ததால்
யாரும் திறக்கவில்லை.
முப்பத்தொரு சிறுமிகள், முப்பத்தொரு கொண்டைகள்.
த்ரஹொமீரா என்றொரு தாய்
இரண்டு கையிலும் இரண்டு புட்டியோடு
வரிசையாக வந்தாள்,
"கண்ணை மூடு, மூச்சை அடக்கு,
கண்ணை மூடு, மூச்சை அடக்கு."
புட்டியின் அடியில் எங்கள் முத்திரை.

எட்டு வயது எவ்வளவு நேரம் அடக்கும்?
குழல்விளக்கின் கீழே
மூடுபனி இறங்க மறுத்து நின்றது.
புட்டியைவிட்டுக் கிளம்பும்போது துளி நாற்பது மைக்ரான்,
மூக்கிலேயே தங்கிவிடும், நுரையீரல் வரை போகாது.
ஆல்கஹால் பறக்கப் பறக்கச் சுருங்கும்.
அது எனக்குத் தெரியும், அறிக்கைக்கும் தெரியும்,
அடிக்குறிப்பில், சிறிய எழுத்தில்.
அறையை அடியெடுத்து அளந்தேன்.
தலைக்கு ஐந்து தரம், நாற்பது நிமிடம்.
ஆபத்து என்று சொல்ல முடியாது.
இல்லை என்று சொல்ல
என்னிடம் எண் இல்லை.

ஒருத்தி இருமினாள்.
ஜலதோஷமாகவும் இருக்கலாம், நவம்பர் அல்லவா.

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன்.
குளிரும், குளிரும் என்று ஏழெட்டுக் குரல்கள்.
"யார் நீங்கள்?" என்றாள் த்ரஹொமீரா.
சொன்னேன்.
புட்டியைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு என்னை.
"அப்படியானால் இது விஷமா?"
"இல்லை."
"பிறகெதற்கு ஜன்னல்?"

பதினேழு பக்கம் எழுதியவளுக்கு
வாய் வரவில்லை.
ஆனால் கம்பியிலிருந்து கையை எடுக்கவுமில்லை.

ரொசாலியே ஆடினாள்.
ஒரு மயிர்கூட அசையவில்லை. நான்காம் இடம்.

திங்கட்கிழமை குளியலறையை அழித்தேன்.
முப்பத்தொரு தலைகளை உள்ளே வைத்து
ஜன்னலைச் சாத்தி
மறுபடியும் அளக்கக் கருவி கேட்டிருக்கிறேன்.
அதுவரைக்கும் புட்டியில் ஒரு வரி,
காற்றோட்டமான இடத்தில் மட்டும்.
விற்பனைப் பிரிவின் ஹினெக் அளவுகோலோடு வந்தார்.
ஏற்கெனவே ஆறு மொழி, இனி எறும்புக்குக்கூட இடமில்லை,
எதை எடுப்பது, நீங்களே சொல்லுங்கள் என்றார்.
வைர மினுமினுப்பு என்ற இரண்டு சொல்லைக்
காட்டினேன்.
சிரித்தார். முடிவு இன்னும் வரவில்லை.

சொல்ல விட்டுப்போனது:
போட்டி முடிந்த இரவு அவள் தலையை நான்தான் அலசினேன்.
மூன்றாம் தரம் வெந்நீர் ஊற்றியதும்
கொண்டை இளகிற்று,
சங்கிலி கழன்று
குழாய் வழியே மொராவா ஆற்றை நோக்கிப் போயிற்று.
அதற்குக் கையெழுத்திடுவது வேறொருத்தி,
பிராகில் இருக்கிறாளாம்.
அவளுடைய ஆற்றில் எத்தனை தலைகள் என்று
கேட்க வேண்டும்.